பிளந்த மரத்துப் பூதம்

நம் வயதுக்காரர்கள் இதை வாசித்தால் முதலில் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. ஐம்பதைத் தாண்டி, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, பதுளையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் எனக்குப் போன மாதம் கனடாவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அழைத்தவர் எங்கள் தோட்டத்து டாக்டரய்யாவின் மகன். தலை முழுக்க நரைத்துவிட்டது, பேச்சு மட்டும் மாறவில்லை. சுகம் விசாரித்து முடிந்ததும், "நான் ஒரு பூதத் தொகுப்பு செய்யிறன். நல்ல தொகுப்புக்கு என்ன வேணும் எண்டு நீதான் சொல்லோணும்" என்றார்.

ஓய்வூதியத்தைப் பற்றியோ பேரப்பிள்ளைகளைப் பற்றியோ பேச வேண்டிய வயதில் பூதங்களைப் பற்றிப் பேசினோம். ஒரு மணித்தியாலம் பேசினோம். அந்தப் பேச்சுதான் இதை எழுத வைக்கிறது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஆடும் விளையாட்டு அது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரனாகவோ மந்திரக்காரியாகவோ இறங்கி நடப்பார்கள். வழியில் ஒரு பூதம் நிற்கும். என்ன செய்வாய் என்று கதைக்காரர் கேட்பார். நீங்கள் எதையாவது சொல்வீர்கள். சொன்னது பலிக்குமா என்பதைப் பல முகமுள்ள ஒரு தாயக்கட்டையை உருட்டி முடிவு செய்வார்கள். வழியில் நிற்கப் பூதங்கள் வேண்டுமல்லவா, அவற்றுக்கென்றே தனியாகப் புத்தகம் இருக்கிறது. எந்தப் பூதம் எங்கே இருக்கும், எவ்வளவு பலம், என்ன செய்யும் என்று பக்கத்துக்கு ஒன்றாக.

எங்கள் தேயிலைத் தோட்டம் பதுளைக்குப் பக்கத்தில் நமுனுகுல மலையின் ஒரு மடிப்பில் இருந்தது. எனக்குப் பதினொரு வயது, அண்ணனுக்குப் பதின்மூன்று. அம்மா ஒன்பதாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்தாள். அந்த ஆகஸ்ட் விடுமுறைக்கு டாக்டரய்யாவின் மகன் யாழ்ப்பாணத்துப் பள்ளி விடுதியிலிருந்து வந்திருந்தான். இன்றைக்கு அவரை 'அவன்' என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் முழங்காலில் சிராய்ப்போடு நின்ற பதின்மூன்று வயதுக்காரனுக்கு 'அவர்' என்று போட்டால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

லண்டனிலிருந்த சித்தப்பா அனுப்பிய அந்த விளையாட்டுப் பெட்டி ஒன்று அவனிடம் இருந்தது. ஆடுவதற்கு ஆள் இல்லை. டாக்டரய்யா, உண்மையில் அவர் தோட்டத்து மருந்தாளர்தான், நாங்கள் எல்லோரும் டாக்டரய்யா என்போம், இருமல் மருந்து வாங்கப் போன எங்கள் இருவரையும் வீட்டு முன் விறாந்தையில் உட்கார வைத்துவிட்டு, "உவனோடை கொஞ்ச நேரம் விளையாடுங்கோ, என்ரை தலையைத் தின்னிறான்" என்றார். அப்படித்தான் தொடங்கியது.

பெட்டியின் வாசனை இன்னும் நினைவிருக்கிறது. புதுக் காகிதமும் மருந்துச் சாலையின் டெட்டோலும் கலந்த வாசனை. உள்ளே நீல நிறத்தில் இருபது முகமுள்ள ஒரு கட்டை. அதை உள்ளங்கையில் வைத்தால் வைத்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். இன்னொரு வேடிக்கை. வெளியே அவன் எங்களை 'நீ' என்பான், நாங்கள் அவனை 'நீங்க' என்போம். ஆட்டத்துக்குள் மட்டும் என் மந்திரக்காரி அவனுடைய ராஜாவை 'நீ' என்று கூப்பிடலாம். அதற்காகவே நான் தினமும் போனேன்.

பூதப் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அவன் வாசித்துத் தமிழில் சொல்வான். முதல் நாளே பெரிய பறக்கும் பல்லி ஒன்று வந்தது. ஒரு குகைக்குள் தங்கக் குவியல் மேல் படுத்திருந்தது. அண்ணன் ரொம்ப நேரம் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"இது ஏங்க தங்கத்து மேல படுத்திருக்கு? கடைக்கா போவப் போவுது?"

அவன் புத்தகத்தைப் புரட்டினான். பல்லின் நீளம் இருந்தது. மூச்சு எவ்வளவு தூரம் சுடும் என்று இருந்தது. ஏன் படுத்திருக்கிறது என்று மட்டும் இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பல்லியைக் கண்டு எங்களுக்குப் பயமே வரவில்லை. நாலு நாளில் புத்தகம் பூராவும் அப்படியே ஆகிவிட்டது. பனி நாட்டு ராட்சதன் வந்தால் அண்ணன், "இவரு நம்ம மலைக்கு வரணும்னா எந்த பஸ்ல வருவாரு?" என்பான். கதை சொல்லும் டாக்டரய்யா மகனுக்கு முகம் சுண்டிவிடும்.

ஒருநாள் கோபத்தில் அவனே கோடு போட்ட தடித்த சீ.ஆர். கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் போட்டான். "அப்ப நீங்களே எழுதுங்கோ" என்றான். என் கையெழுத்து மூவரிலும் நன்றாக இருந்ததால் எழுதும் வேலை எனக்கு வந்தது. அதுதான் பூதக் கொப்பி.

முதலில் எழுதியது அட்டைப் பட்டாளம். ஒரு அட்டை என்றால் சிரிப்பு. ஈரப் புல்லில் ஆயிரம் நிமிர்ந்து நின்றால் சிரிப்பு வராது. அதற்கு என்ன வேண்டும்? துளி இரத்தம், அவ்வளவுதான். ஆளுக்குத் துளி கொடுத்தால் வழி விடும், சவர்க்காரம் பூசிக்கொண்டு வந்தால் கோபித்துக்கொள்ளும். அடுத்து மூடுபனிக்காரன். குறுக்குப் பாதைகளை இடம் மாற்றி வைப்பவன். பேச்சுத் துணை இல்லாததால்தான் அப்படிச் செய்கிறான், நின்று நாலு வார்த்தை பேசினால் அவனே வீடு வரை கொண்டுவந்து விடுவான். பீலிக்காரி என்று ஒருத்தி. தண்ணீர்ப் பீலியில் வரிசை தாண்டுகிறவர்களை மட்டும் பிடிப்பாள். அவளை வரைந்தபோது அண்ணன் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராக் கிழவியின் மூக்கை அப்படியே வைத்துவிட்டான்.

ரோதமுனியால் சண்டை வந்தது. தொழிற்சாலைச் சக்கரத்தைக் காக்கிற சாமி அவர். அவரையும் சேர்க்க வேண்டும் என்றான் அண்ணன். டாக்டரய்யா மகன் உடனே பென்சிலை எடுத்துப் பலம் பதினெட்டு, உயிர் நூறு என்று போட்டான். நான் அழிறப்பரால் அழித்தேன். அவன் மறுபடி போட்டான், நான் மறுபடி அழித்தேன், காகிதம் ஓட்டையாகிவிட்டது. "சாமிக்கு எத்தன உசுருன்னு எழுதக் கூடாதுங்க" என்றேன். கடைசியில் எண் எதுவும் இல்லாமல் ஒரே வரி எழுதினோம்: இவரை வெல்ல முடியாது, கும்பிட்டுவிட்டுப் போகவும். போன மாத அழைப்பில் அவர் சொன்னார், உலகத்தில் எத்தனையோ தொகுப்புகள் பார்த்துவிட்டாராம், கத்தியால் வெல்லவே முடியாத ஒரு பூதமாவது இல்லாவிட்டால் எந்தத் தொகுப்பும் அவருக்கு ருசிக்காதாம். அந்த ருசி அந்த ஓட்டைக் காகிதத்தில் பழகியதுதான்.

இரண்டாவது வாரம் அவன் கொப்பியை முதலிலிருந்து புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "எல்லாம் சிரிப்புப் பூதமா இருக்கு. ஒண்டாவது வயித்தைக் கலக்கோணும். அதுக்கேத்த வீடும் வேணும். பயங்கரமான சாமான் சும்மா ஒரு இடத்திலை இருந்தா ஆர் பயப்பிடுவினம்?" என்றான். நான் கொண்டுவருகிறேன் என்று சொன்னேன். வாக்குக் கொடுத்துவிட்டேன், இனி காட்ட வேண்டும்.

காலையில் பத்து மணிக்கு அம்மாவுக்குத் தேத்தண்ணியும் ரொட்டியும் கொண்டுபோவது என் வேலை. ஆகஸ்டில் எங்கள் பக்கம் வீசும் காற்று உங்களுக்குத் தெரியும். காய்ந்த காற்று, உதட்டை வெடிக்க வைக்கும், கொழுந்துக்கு வாசனை கொடுப்பதும் அதுதான் என்பார்கள். அன்றைக்குக் காற்றுக்குப் பயந்து பீலிக்கு மேலே உள்ள குறுக்குப் பாதையில் போனேன். அங்கே சவுக்கு மரங்கள் வரிசையாக நின்றன, ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லாத சாதாரண மரங்கள். மூன்றாவது மரத்தின் உச்சிக் கிளைக்கு அடியில் ஒரு கூடு தொங்கியது. சோற்றுப் பானை அளவு. அசையாமல் இருப்பது மாதிரி இருந்தது, உற்றுப் பார்த்தால் அதன் மேல் முழுவதும் அசைந்துகொண்டிருந்தது.

இரண்டடி பின்னால் போனேன். அடுத்த நிமிஷமே சந்தோஷமாக இருந்தது. இதோ என் பக்கம் கிடைத்துவிட்டது.

இங்கே எங்கள் மலை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கொழுந்து எடுக்கும் இடத்தில் குளவி என்ற சொல்லை வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் கூப்பிட்டதாகிவிடும். 'அவுங்க' என்பார்கள். கூடு கண்டவர்கள் மலையில் எதுவும் பேசாமல் இறங்கி, கொழுந்து நிறுக்கும் இடத்தில் கங்காணியின் காதில் சொல்ல வேண்டும். கங்காணி அதற்கு ஏற்பாடு செய்வார். பெண்களுக்குத் தேயிலைச் செடி வரிசைகளை, அதாவது நிரைகளை, பிரித்துக் கொடுக்கிறவரும் வேலையை மேற்பார்க்கிறவரும் அவர்தான். எனக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். அம்மாவிடம் மலையில் சொல்ல முடியாது, சரி. நிறுக்கும் இடத்துக்கு இறங்கியிருக்கலாம். நான் தேத்தண்ணிப் போத்தலைக் கொடுத்துவிட்டு நேரே டாக்டரய்யா வீட்டு விறாந்தைக்கு ஓடினேன்.

எழுதினேன். ஆயிரம் ஊசிக்காரி என்று பெயர் வைத்தேன், பக்கத்தில் அடைப்புக்குள் குளவி என்றும் எழுதினேன். அவளுக்கு என்ன வேண்டும்: தன் வீட்டை யாரும் அசைக்கக் கூடாது. எப்போது விழிப்பாள்: காற்றில் கிளை முறிந்தால். எல்லாம் சரி. எங்கே இருப்பாள் என்ற இடத்தில் பென்சில் நின்றது. பீலிக்கு மேலே மூன்றாவது மரம் என்றால் என்ன அழகு? மலையின் மற்றப் பக்கத்தில், முனியாண்டிக் கல்லுக்கு மேலே, மின்னல் விழுந்து நடுவே பிளந்த மரம் ஒன்று இருந்தது. அதுதான் ஏற்ற வீடு. பிளந்த மரம் என்று எழுதினேன்.

"உண்மையா அதிலை கண்டனியோ?" என்று கேட்டான்.

"ஆமாங்க. அதுலதான்."

அவன் நீலக் கட்டையை என் கையில் வைத்து, "இண்டைக்கு நீதான் உருட்டு" என்றான். அந்த விடுமுறையில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அது.

மறுநாள் பிற்பகல் கங்காணி இருமல் மருந்துக்கு வந்தார். ஒரு பொத்தான் போன காக்கிக் கோட்டு, கையில் தடி. எழுத்துக்கூட்டி வாசிப்பார், வரிக்குக் கீழே விரலை நகர்த்திக்கொண்டே. படியில் திறந்து கிடந்த கொப்பியைப் பார்த்து நின்றார். அண்ணன் வரைந்திருந்த கூடு முழுப் பக்கத்துக்கும் இருந்தது. குனிந்து, விரலை வைத்து, கடைசி வரி வரை வாசித்தார்.

"இது கேட்டு எழுதுனதா புள்ள, பாத்து எழுதுனதா?"

"பாத்துத்தாங்க."

"இந்தப் பொளந்த மரத்துலயா?"

டாக்டரய்யா மகன் என் பக்கத்தில் நின்றான். இல்லை என்று சொன்னால் நான் பொய்க்காரியாகிவிடுவேன், நீலக் கட்டை திரும்பப் போய்விடும். இவ்வளவுதான் என் மனதில் ஓடியது. வேறு எதுவும் ஓடவில்லை என்பதை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

"ஆமாங்க" என்றேன்.

கங்காணி கொப்பியை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். "இது எங்கிட்ட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மருந்து வாங்காமலேயே போய்விட்டார். எழுதக் கூடாத பெயரை எழுதியதற்குத்தான் கோபம் என்று நாங்கள் மூவரும் நினைத்தோம். "உந்தாளுக்கு விளையாட்டு விளங்காது" என்றான் அவன். அன்று முழுக்க அவரைத் திட்டினோம்.

அடுத்த நாள் காற்று மோசமாக இருந்தது. பத்து மணிக்குப் போத்தலோடு மலை ஏறும்போதே சத்தம் கேட்டது. பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டுக் கீழே ஓடிவந்தார்கள். தொழிற்சாலையிலிருந்து ஆண்கள் புகையும் சாக்குகளோடு மேலே ஓடினார்கள். என்னை யாரோ பிடித்து ஒரு லயத்து வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். கதவு இடுக்கால் பார்த்தேன். இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கில் வைத்து ஒருத்தியைத் தூக்கி வந்தார்கள். முகம் அடையாளம் தெரியவில்லை. கையிலிருந்த பச்சை வளையலை வைத்துத்தான் அம்மா என்று தெரிந்துகொண்டேன்.

டாக்டரய்யா மருந்துச் சாலைத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கொடுக்காக எடுத்தார். கொட்டுப்பட்டவர்கள் ஒன்பது பேர். எல்லோரிலும் அம்மாவுக்குத்தான் அதிகம். தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைப்பாளா என்று அப்பா கேட்டபோது டாக்டரய்யா எழுந்து கை கழுவப் போனார். அந்தத் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிடக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள்தான் எங்களை உள்ளே விட்டார்கள். அம்மாவின் கண்கள் இன்னும் திறக்கவில்லை. பேசினாள். பேசியதே போதும் என்று அப்பா அழுதுவிட்டார். அம்மா மெதுவாகச் சொன்னாள்:

"அன்னைக்குக் காலையில பேரு கூப்புடுற பெரட்டுலயே கங்காணி சொல்லிட்டாரு. பொளந்த மரத்துப் பக்கம் ஒருத்தரும் போக வேணாம்னு. அங்கிட்டு இருந்த எங்க நெரையெல்லாம் மாத்தி பீலிப் பக்கம் ஏத்துனாரு. ஏன்னு தெரியல."

எனக்குத் தெரிந்தது. அந்த வார்டில் எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. ஸ்பிரிங்வெளிச் சந்தி தாண்டியதும், "நீ பேரு எழுதுனதாலதான் அவுங்க வந்தாங்க" என்றான். நான் தலையாட்டினேன். அந்தப் பழியை ஏற்றுக்கொள்வது எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது என்று இன்றும் வெட்கமாக இருக்கிறது. உண்மையான பழி அதைவிடப் பெரிது.

தோட்டத்து ஆபீஸில் விசாரணை வைத்தார்கள். நிரையை ஏன் மாற்றினாய் என்று கங்காணியிடம் கேட்டார்களாம். "எனக்கு அப்பிடித் தோணிச்சுங்க" என்று மட்டும் சொன்னாராம். கோட்டுப் பையில் கொப்பி இருந்தது. எடுத்துக் காட்டவில்லை. பதினொரு வயதுப் பிள்ளை சொன்னதை நம்பினேன் என்று சொல்ல வெட்கப்பட்டிருப்பார் என்று சில காலம் நினைத்தேன். அவர் வேலை போனது. மறுவாரம் காக்கிக் கோட்டு இல்லாமல் ஆண்களோடு புல்லு வெட்டப் போனார். பெண்கள் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்பா ஒருநாள் நடுப்பாதையில் அவரை மறித்துக் கேட்கக் கூடாததெல்லாம் கேட்டார். அவர் புல்லுக்கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கேட்டு முடியும்வரை நின்றார். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன், வாயைத் திறக்கவில்லை.

விடுமுறை முடிந்து டாக்டரய்யா மகன் போய்விட்டான். நீலக் கட்டையை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போனான். பிறகு லயம் மாறியபோது அது எங்கோ விழுந்து தொலைந்துவிட்டது.

அம்மா வீடு திரும்பி, மறுபடி கூடை எடுத்தபிறகு, ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கங்காணி பாதையோரம் நின்றார். பிளாஸ்டிக் பையில் சுற்றிய கொப்பியை நீட்டினார்.

"படம் நல்லாருக்கு புள்ள. மத்ததெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க. எடத்த மட்டும் திருத்தியிருக்கேன்" என்றார். புல்லு வெட்டத் திரும்பினார்.

ஒரு வளைவு தாண்டிய பிறகுதான் திறந்து பார்த்தேன். 'பிளந்த மரம்' என்பதன் மேல் ஒரே ஒரு கோடு. அதற்கு மேலே பென்சிலால், எழுத்துக்கு எழுத்து அழுத்தி எழுதியிருந்தது: பீலிக்கு மேல மூணாவது மரம். போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதியிருக்கிறார். நான் பாதையிலேயே உட்கார்ந்து அழுதேன். அந்தக் கொப்பி பல வருஷம் என்னிடம் இருந்தது, ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி அப்பளமாகிப் போய்விட்டது. கங்காணியும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சரி, போன மாத அழைப்புக்கு வருகிறேன். நல்ல தொகுப்புக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பூதத்துக்கு ஓர் ஆசை வேண்டும், சண்டை போடாமல் தாண்டிப் போக ஒரு வழி வேண்டும் என்றெல்லாம். அவர் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உன்ரை பிளந்த மரத்துப் பூதத்தைத்தான் முதல் பக்கத்திலை போட்டிருக்கிறன். என்ரை மகளின்ரை சிநேகிதப் பிள்ளையளுக்கும் அதுதான் பிடிச்சது. அந்த மரம் இப்பவும் நிக்குதோ?" என்றார்.

பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். எண்பதைத் தாண்டிவிட்டது. முன் அறையில் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் அவள் எதிரே உட்கார்ந்து, நானும் ஒரு கொத்தை எடுத்து ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டைக் கண்டது, மரத்தை மாற்றியது, கங்காணி கேட்டபோது ஆமாங்க என்றது. நாற்பது வருஷத்துக்கு மேலாகச் சொல்லாததைச் சொல்ல ஒரு கொத்துக் கீரை ஆயும் நேரம்தான் பிடித்தது.

அம்மா கையை நிறுத்தவில்லை.

"தெரியும்டி" என்றாள். "நீங்க வந்துட்டுப் போன பெறகு, எனக்குக் கண்ணு தெறந்தப்ப கங்காணி ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. கொப்பியக் காட்டுனாரு. புள்ள வெளையாட்டுக்கு எழுதிருச்சு, பயந்து போயிருக்கும், இதப் பத்தி ஒரு வார்த்த கேட்டுறாதம்மான்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாரு. நானும் கேக்கல."

"அப்பாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே. அந்த மனுசன எல்லாரும் எப்பிடிப் பேசுனாங்க."

"சொல்லியிருந்தா உன்னயில்ல பேசியிருப்பாங்க. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

கீரைக் காம்புகளைத் தாளில் கூட்டிச் சுருட்டினாள். எழுந்து அடுப்படிக்குப் போகும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அந்த டாக்டர் வீட்டுத் தம்பிக்கு மரத்தச் சரியா எழுதி அனுப்பு" என்றாள்.